நல்ல மனசோட சொல்ற பொய், உண்மையில யாருக்கு நல்லது?

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு சிறுகதை எழுதி எடுத்துட்டு வந்தான், 14 பக்கம், ஓரத்துல ஸ்டேப்ளர் அடிச்சு. மூணாவது பக்கத்துல ஹீரோவோட அப்பா பேரு ராகவன், ஒன்பதாவது பக்கத்துல அதே அப்பா மாதவன் ஆயிட்டாரு. நான் பார்த்தேன், நல்லாவே பார்த்தேன். ஆனா அவன் எதிர்லயே உட்கார்ந்து நான் ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் என் மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தான், அந்த மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்றதுன்னு தெரியாம "சூப்பர்டா, அப்படியே அனுப்பு"ன்னுட்டேன். அனுப்பினான். ரெண்டு மாசம் கழிச்சு அவனே கண்டுபிடிச்சு போன் பண்ணான்: "நீ படிச்சியேடா, உனக்குமா தெரியல?" நான் "கவனிக்கலடா மச்சான்"னேன். ஆக மொத்தம் ரெண்டு பொய்.

இந்த மாதிரி விஷயம் பேச்சுல வந்தா உடனே ரெண்டு கட்சி ஆயிடும். ஒரு கட்சி "பொய் பொய்தான், அதுல என்ன நல்ல பொய் கெட்ட பொய்"னு சொல்லும். இன்னொரு கட்சி "மனசு நோகாம இருக்க ஒரு பொய் சொன்னா என்ன குடியா முழுகிடும், வள்ளுவரே சொல்லியிருக்காரே"ன்னு குறளைத் தூக்கிட்டு வரும். ரெண்டு பேரும் ஒரே வார்த்தையை வச்சுக்கிட்டு வேற வேற விஷயத்தைப் பேசிட்டு இருக்காங்கன்னுதான் எனக்குத் தோணுது, அதனால கொஞ்சம் பிரிச்சு வச்சுப் பார்க்கலாம்.

முதல்ல, எது பொய்?

தப்பா சொன்னாலே பொய்னு இல்ல. மணி அஞ்சுன்னு நம்பி அஞ்சுன்னு சொன்னீங்க, கடிகாரம் ஓடாம நின்னுபோயிருந்தது, அது பொய் இல்ல, வெறும் தப்பு. தனக்கு நம்பிக்கை இல்லாத ஒண்ணை, எதிர்ல இருக்கிறவர் நம்பணும்னே சொல்றதுதான் பொய். இந்த "நம்பணும்னே" முக்கியம். "எப்படி இருக்கீங்க"ன்னு போற போக்குல கேட்டா "நல்லா இருக்கேன்"னு சொல்றோம்ல, அதை யாரும் மெடிக்கல் ரிப்போர்ட்டா எடுத்துக்கிறது இல்ல, ரெண்டு பேருக்கும் அது வணக்கம் மாதிரின்னு தெரியும், அதையும் பொய்க் கணக்குல சேர்த்தா ஊர்ல ஒருத்தர் தேற மாட்டாங்க.

சொல்லாம இருக்கிறது வேற, பொய் சொல்றது வேற. அந்த 14 பக்கத்தைப் படிச்சுட்டு "நாளைக்கு நிதானமா சொல்றேன்"னு நான் சொல்லியிருக்கலாம், அது ஒத்திப்போடுறது. "கதையோட ஆரம்பம் பிரமாதம்"னு நிஜமாவே பிடிச்சதைச் சொல்லியிருக்கலாம், அது எங்கிருந்து ஆரம்பிக்கிறோம்ங்கிற தேர்வு. நான் இதுல எதையும் செய்யல.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கு, உண்மையை மட்டும் சொல்லியே ஏமாத்துறது. மகாபாரதத்துல துரோணர்கிட்ட தருமர் "அசுவத்தாமன் இறந்தான்"னு சத்தமா சொல்லிட்டு, "யானை"ங்கிறதை மெதுவா முணுமுணுத்தாரே, அந்தப் பேர்ல ஒரு யானையை பீமன் நிஜமாவே கொன்னிருந்தான், அதனால வார்த்தைக்கு வார்த்தை கணக்குப் பார்த்தா பொய் இல்ல. ஆனா துரோணர் தன் பையன் செத்துட்டான்னு நம்பணும்ங்கிறதுக்காகவே சொன்னது. அதுவரைக்கும் தரையில படாம நாலு விரல் மேல ஓடின தருமரோட தேர் அன்னைக்குத் தரையைத் தொட்டுதுன்னு கதை சொல்லுது. கதை சொன்னவங்களுக்கு இந்த வித்தியாசம் எப்பவோ புரிஞ்சிருக்கு, வார்த்தை சரியா தப்பாங்கிறது இல்ல, எதிராளி மனசுல எதை நட்டு வைக்கிறோம்ங்கிறதுதான் கணக்கு.

இதுவரைக்கும் வந்தது இவ்வளவுதான்: பொய்னா தெரிஞ்சே தப்பா நம்ப வைக்கிறது. சும்மா இருக்கிறது, இதமா சொல்றது, மரியாதைக்குச் சொல்றது இதெல்லாம் தனி.

இதை நாம எப்போ கத்துக்கிறோம்?

2002-ல விக்டோரியா தல்வார், காங் லீ ரெண்டு பேரும் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. 3 வயசுலேர்ந்து 7 வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்களை ஒவ்வொருத்தரா போட்டோ எடுக்கக் கூப்பிடுறாங்க. எதிர்ல இருக்கிறவர் மூக்குல பளிச்சுன்னு லிப்ஸ்டிக் கறை. அவர் ஒண்ணும் தெரியாத மாதிரி "போட்டோவுக்கு நான் சரியா இருக்கேனா?"ன்னு கேட்கிறாரு. பெரும்பாலான குழந்தைங்க "சரியா இருக்கீங்க"ன்னு தலையாட்டிடுச்சுங்க. அவர் வெளிய போனதும் வேற ஒருத்தர் வந்து கேட்டா அதே குழந்தைங்க, அவர் பார்க்கச் சரியா இல்லன்னு உண்மையைச் சொல்லிடுச்சுங்க.

இதுக்குள்ள ஒரு திறமை ஒளிஞ்சிருக்கு. நமக்குத் தெரிஞ்சது அடுத்தவங்களுக்குத் தெரியாம இருக்கலாம், அவங்க மனசுல வேற ஒண்ணு ஓடலாம்னு ஊகிக்கிறது. உளவியல்ல இதை மனக்கோட்பாடுன்னு சொல்றாங்க. ஒருத்தர் அழும்போது ஏன் அழறாருன்னு புரிஞ்சுக்கிறதும் இதே திறமைதான், அவரை ஏமாத்துறதும் இதே திறமைதான். இரக்கமும் பொய்யும் ஒரே கருவியில ஓடுறதாலதான் நமக்கே நாம செஞ்சது எதுன்னு சட்டுனு பிரிச்சுச் சொல்ல முடியறது இல்ல.

பெரியவங்க கணக்கும் ஒண்ணு இருக்கு. 1996-ல பெல்லா டிபாலோவும் கூட இருந்தவங்களும், 77 காலேஜ் மாணவர்களையும் வெளியில இருக்கிற 70 பேரையும் ஒரு வாரம் தாங்க சொன்ன பொய்யையெல்லாம் நோட்டுல எழுதி வைக்கச் சொன்னாங்க. மாணவர்கள் சராசரியா ஒரு நாளைக்கு 2, மத்தவங்க 1. ஆச்சரியம் அதுல இல்ல. அடுத்தவங்களுக்காகச் சொன்ன பொய்யைவிட தனக்காகச் சொன்ன பொய்தான் அதிகம். ஆனா யாரைக் கேட்டாலும் நாம சொல்றதெல்லாம் "அவங்க மனசு நோகக் கூடாதேன்னு"தான், இல்லையா.

உள்ள என்ன நடக்குது: மேப் கணக்கு

ஒரு உதாரணம் சொல்றேன். நீங்க புது இடத்துல நடந்து போறீங்க, கையில ஒரு மேப். உங்களுக்குத் தெரியாம நான் அதுல ஒரு ரோட்டை அழிச்சுட்டேன். நீங்க அந்தப் பக்கமே போகலைன்னா ஒண்ணும் ஆகல. அந்தப் பக்கம்தான் போகணும்னா நீங்க சுத்துவீங்க, அதுவும் ஏன் சுத்துறோம்னே தெரியாம உங்க மேலயே கோபப்பட்டுக்கிட்டு சுத்துவீங்க.

ஒருத்தர்கிட்ட பொய் சொல்றதும் இதேதான், அவர் கையில இருக்கிற மேப்பை மாத்துறது. அதனால கேட்க வேண்டிய கேள்வி "இந்த உண்மை வலிக்குமா"ங்கிறது இல்ல. வலிக்கிற உண்மை எத்தனையோ உபயோகமானது. "இந்த உண்மையை வச்சு அவர் ஏதாவது செய்ய முடியுமா, இப்ப முடியுமா, பின்னாடி முடியுமா"ங்கிறதுதான் கேள்வி.

ஒருத்தர் மேடை ஏறப் போறாரு, சட்டை கசங்கியிருக்கு. வீட்டுல கிளம்பும்போது "எப்படி இருக்கு"ன்னு கேட்டா சொல்லணும், மாத்திக்கலாம். மேடைப் படியில கால் வச்சிட்டுக் கேட்டா "நல்லா இருக்கு, போங்க"ன்னு தள்ளி விடலாம், அந்த நிமிஷத்துல அந்த உண்மையால ஒரு பிரயோஜனமும் இல்ல, கையை நடுங்க வைக்கிறதுதான் மிச்சம். சட்டையும் அதேதான், கேட்ட ஆளும் அதே ஆள்தான், நடுவுல அரை மணி நேரம்தான் வித்தியாசம். எம்மா லெவின்ங்கிற ஆராய்ச்சியாளர் இதைப் பத்தி நிறைய வேலை செஞ்சிருக்காங்க, அதுலயும் இதுதான் திரும்பத் திரும்ப வருது: தேவையில்லாத வலியைத் தடுக்கிற பொய்யை, கேட்கிறவர் மாத்தவே முடியாத விஷயத்துல சொல்ற பொய்யை, பெரும்பாலானவங்க ஏத்துக்கிறாங்க, தனக்கு யாராவது சொன்னாலும் பரவாயில்லைன்னே சொல்றாங்க.

இப்ப என் ஃப்ரெண்ட் கதைக்கு வாங்க. ராகவன் மாதவன் ஆனது திருத்தக்கூடிய தப்பு. அவன் இன்னும் அனுப்பவும் இல்ல. மேப்புல ரொம்ப உபயோகமான ரோட்டை, அவன் நடக்கப் போற ரோட்டையே நான் அழிச்சிருக்கேன்.

சுருக்கமா: வலிங்கிறது அளவுகோல் இல்ல, உபயோகம்தான் அளவுகோல், அதுவும் நேரத்தைப் பொறுத்து மாறும்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்லல"

மாட்டிக்கிறவங்க எல்லாரும் சொல்ற வசனம் இது. இந்த வகைக்கு ஒரு பேரு வச்சுக்கலாம், பெரியமனுஷப் பொய்: உனக்கு எது நல்லதுன்னு உன்னைக் கேட்காமலே நானே முடிவு பண்ணி, அதுக்காக உன்கிட்ட சொல்ற பொய். மேடைப் படியில நிக்கிறவருக்குத் தைரியம் வேணும்ங்கிறது ஊர் அறிஞ்சது, அதுல ஊகமே இல்ல. ஆனா "இந்த வேலை உனக்கு ஒத்து வராதுன்னுதான் அந்த லெட்டரை மறைச்சேன்"னா? அது என் ஊகம், என் பயம், சில நேரம் என் வசதி. 2018-ல லூப்போலி, லெவின், கிரீன்பெர்க் மூணு பேரும் வெளியிட்ட ஆய்வுல, இந்த மாதிரி ஊகத்துல சொல்ற பொய்யை, எல்லாருக்கும் நல்லதுன்னு தெளிவா தெரியற பொய்யைவிட மக்கள் ரொம்ப மோசமா பார்க்கிறாங்கன்னு வந்தது. சொன்னவர் நல்ல மனசோடதான் சொன்னாருன்னு தெரிஞ்சாலும் எரிச்சல் போகல. நியாயம்தானே, என் வாழ்க்கையில முடிவு எடுக்க நீ யாருன்னு கேட்கத் தோணும்.

இன்னொரு விஷயம், பரிதாபத்துல சொல்ற பாராட்டு எல்லார் மேலயும் ஒரே மாதிரி விழறது இல்ல. லில்லி ஜாம்போல், விவியன் ஸயாஸ் 2021-ல வெளியிட்ட ஆய்வுல, சுமாரா வேலை செஞ்ச ஆண்களோட ஒப்பிட்டா பெண்களுக்கு இன்னும் இதமான, ஆனா நிஜத்துல இருந்து விலகின கருத்து கிடைக்குதுன்னு பார்த்தாங்க. சொல்றவங்களுக்கு அது கனிவு. கேட்கிறவங்களுக்கு எங்க திருத்தணும்ங்கிறதே தெரியாம போகுது, அடுத்த வருஷமும் அதே இடத்துல நிப்பாங்க. இங்கதான் எனக்கு "மனசு நோகக் கூடாதே"ங்கிற வாதம் மேல நம்பிக்கை ஆட்டம் காணுது, நோகாத மனசுக்கான பில் வேற பக்கமா வந்து சேருது.

ஆஸ்பத்திரி வாசல்ல

இந்தக் கேள்வி நிஜமா கனக்கிற இடம் நோயாளி படுக்கைதான், இங்க கொஞ்சம் நிக்கணும்.

இது ரொம்பப் பழைய சிக்கல். சுமார் 1,600 வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த கிறிஸ்தவ சிந்தனையாளர் அகஸ்டின், எந்தப் பொய்யும் கூடாதுன்னு கறாரா நின்னவர், அவரே ஒரு காட்சியைச் சொல்றாரு. ஒருத்தர் சாகக் கிடக்கிறாரு, அவருக்குத் தெரியாம அவரோட ஒரே பையன் இறந்துட்டான். "என் பையன் எப்படி இருக்கான்"னு கேட்கிறாரு. உண்மையைச் சொன்னா அந்த உசுரு தாங்காது. இந்த இடத்துல தன் மனசும் ஆடிப் போகுதுன்னு அகஸ்டின் ஒத்துக்கிறாரு, ஒத்துக்கிட்டு கடைசியில பொய் கூடாதுங்கிற பக்கமே நிக்கிறாரு. அவர் முடிவு எனக்கு ஒத்து வரல, ஆனா மனசு ஆடுதுன்னு மறைக்காம சொன்னாரே, அது பிடிச்சது.

டாக்டர்கள் விஷயம் இன்னும் சுவாரசியம். 1961-ல அமெரிக்காவுல ஒரு கணக்கெடுப்பு, கேன்சர்னா நோயாளிகிட்ட சொல்வீங்களான்னு. பதில் சொன்ன டாக்டர்கள்ல 90 சதவீதம் பேர் சொல்லாம இருக்கிறதுதான் விருப்பம்னாங்க. 1979-ல அதே கேள்வித்தாளை திரும்பக் கொடுத்தாங்க, இந்தத் தடவை 97 சதவீதம் பேர் சொல்றதுதான் விருப்பம்னாங்க. 18 வருஷத்துல அப்படியே தலைகீழ். டாக்டர்களோட மனசு அதுக்குள்ள கல்லாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. சிகிச்சை வழிகள் கூடிச்சு, நோயாளியோட சம்மதம் கேட்கணும்ங்கிற எண்ணம் வலுத்துச்சு, அதாவது அந்த உண்மையை வச்சு நோயாளி செய்யக்கூடிய காரியம் கூடிப் போச்சு. மேப் கணக்குலயே பாருங்க, முன்னாடி ரோடே இல்லாத இடத்துல இப்ப ரோடு இருக்கு.

அதுக்காக நேரா போய் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிடுறதா? இல்ல. 2000-ல பெய்லும் கூட இருந்தவங்களும், கெட்ட செய்தியைச் சொல்ல ஆறு படி உள்ள ஒரு முறையை வெளியிட்டாங்க, டாக்டர்களுக்குப் பல இடங்கள்ல இதைச் சொல்லிக் கொடுக்கிறாங்க. ஆறையும் இங்க சொல்லல. தனியா உட்கார வச்சு, அவருக்கு ஏற்கனவே என்ன தெரியும்னு கேட்டுட்டு, அதுக்கப்புறம் வர்ற படிதான் நமக்கு வேணும்: "எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க?" இதைக் கேட்ட பிறகுதான் செய்தியே. சிலர் "எல்லாத்தையும் சொல்லுங்க"ம்பாங்க. சிலர் "என் பொண்ணுகிட்ட பேசுங்க, எனக்கு வேண்டாம்"பாங்க. அந்த ரெண்டாவது ஆள்கிட்ட விவரம் சொல்லாம இருக்கிறது ஏமாத்து இல்ல, தன் மேப்புல எது இருக்கணும்னு அவரே சொல்லிட்டாரு.

இங்க ஒரு குட்டி சமாச்சாரம். சத்தே இல்லாத மாத்திரையை மருந்துன்னு சொல்லிக் கொடுத்தாலும் சிலருக்கு வலி குறையும்ல, அதுதான் போலி மாத்திரை, அதாவது பிளாசிபோ. அந்தப் பொய்யை ரொம்ப நாளா "கருணைப் பொய்"னு நியாயப்படுத்தினாங்க, சொல்லிட்டா வேலை செய்யாதேன்னு. 2010-ல டெட் காப்சக் குழு, குடல் எரிச்சல் நோய் இருந்த 80 பேரை வச்சுப் பார்த்தாங்க, மாத்திரை வாங்கினவங்ககிட்ட "இதுல மருந்தே இல்ல"ன்னு சொல்லியே கொடுத்தாங்க. மூணு வாரத்துல அவங்கள்ல 59 சதவீதம் பேருக்குப் போதுமான நிம்மதி, எதுவும் கொடுக்காத குழுவுல 35 சதவீதம். நோய் ஓடிப் போச்சுன்னு இல்ல, தொந்தரவு குறைஞ்சதா அவங்களே சொன்னது, அவ்வளவுதான். ஆனா கட்டாயம் வேணும்னு நினைச்ச பொய் இல்லாமலே காரியம் நடந்திருக்குன்னு தெரிஞ்சது. "வேற வழியே இல்ல"ன்னு நாம சொல்ற எத்தனை இடத்துல வேற வழியை நிஜமா தேடியிருக்கோம்?

மறதி நோய்: உண்மை தங்காத இடம்

இது மட்டும் மேப் கணக்கையே கொஞ்சம் குழப்பும். டிமென்ஷியா முத்தின ஒரு அம்மா, "அவர் இன்னும் வரலையா"ன்னு கேட்கிறாங்க. அவர் போய் பல வருஷம் ஆச்சு. "அப்பா இறந்துட்டாரும்மா"ன்னு சொன்னா அவங்களுக்கு அது இப்ப, இந்த நிமிஷம் நடந்த சாவு. அழறாங்க. பத்து நிமிஷத்துல மறந்துடுது, திரும்ப வாசலைப் பார்த்துட்டு "அவர் இன்னும் வரலையா?" அந்த உண்மை அவங்க மேப்புல நிக்கவே நிக்காது, துக்கம் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசா வரும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒரு மனுஷியை விதவையாக்குறது?

பராமரிக்கிறவங்க பலர் இங்க "வந்துடுவாரு"ன்னு சொல்லிடுறாங்க, நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அனுபவப்பட்டவங்க அதுக்கு முன்னாடி இன்னொரு வழியைப் பார்க்கச் சொல்வாங்க: "அவர் ஞாபகம் வந்துடுச்சாம்மா? அவரைப் பத்திச் சொல்லுங்களேன்." கேள்விக்கு அடியில இருக்கிற ஏக்கத்துக்குப் பதில். பொய்யும் இல்ல, கத்தியும் இல்ல.

கதவைத் தட்டுற கொலைகாரன்

தத்துவ வகுப்புல இந்த விஷயம்னா முதல்ல வர்றது இதுதான், நான் வேணும்னே பின்னாடி தள்ளினேன். உங்க ஃப்ரெண்ட் உங்க வீட்டுல ஒளிஞ்சிருக்கான், கொல்ல வந்தவன் கதவைத் தட்டி "உள்ள இருக்கானா"ங்கிறான். 1797-ல ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட், அப்பவும் பொய் கூடாதுன்னு எழுதினாரு. நீங்க "இல்ல"ன்னு சொல்லி, அதே நேரம் ஃப்ரெண்ட் பின்பக்கமா வெளிய போய், தேடிப் போனவன்கிட்ட மாட்டிக்கிட்டா பொறுப்பு உங்களுதும்தான்னு வாதம். கேட்கிற பெரும்பாலானவங்களுக்கு இது ஏத்துக்க முடியாத பதில், எனக்கும்தான். ஆனா இது இரக்கப் பொய்க்கு உதாரணமே இல்ல, கொலைகாரன் மேல இரக்கப்பட்டா பொய் சொல்றோம்? இது தற்காப்பு. இதை வச்சுக்கிட்டு "பார்த்தியா, பொய் சொல்லலாம்"னு சட்டைக் கசங்கலுக்கும் காதல் விவகாரத்துக்கும் நியாயம் தேடுறது, பாம்பை அடிக்க எடுத்த தடியைக் காட்டி எல்லாரையும் அடிக்கலாம்னு சொல்ற மாதிரி.

குறள் நிஜமா என்ன சொல்லுது

"பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த
நன்மை பயக்கும் எனின்." 292-வது குறள்.

எல்லாரும் "நன்மை"யில வண்டியை நிறுத்திடுவாங்க. அதுக்கு முன்னாடி "புரைதீர்ந்த"ன்னு ஒண்ணு இருக்கு, புரைன்னா குற்றம். குற்றமே இல்லாத நன்மையைத் தந்தால், பொய்யும் உண்மையோட இடத்துல வைக்கப்படும்ங்கிறாரு. கொஞ்சம் நன்மை கொஞ்சம் என் வசதிங்கிற கலவைக்கு இங்க இடம் இல்ல. அதுக்கு அடுத்த குறளையே யாரும் சொல்றது இல்ல, தன் நெஞ்சுக்குத் தெரிஞ்சே பொய் சொல்லாதே, சொன்னா அந்த நெஞ்சே உன்னைச் சுடும்னு 293-ல இருக்கு. பக்கத்துப் பக்கத்துல வச்சிருக்காரு மனுஷன். ராகவன் மாதவன் விஷயத்துல எனக்கு 293-தான் வேலை செஞ்சது.

அப்போ பட்டுனு போட்டு உடைச்சிடலாமா?

"நான் மனசுல பட்டதைச் சொல்லிடுவேன், எனக்கு நடிக்கத் தெரியாது"ன்னு பெருமைப்படுற ஆளுங்களை நம்ம எல்லாருக்கும் தெரியும். கேட்காத இடத்துல, பிரயோஜனம் இல்லாத நேரத்துல, எல்லார் முன்னாடியும் சொல்ற உண்மை நேர்மைக் கணக்குல வராது, அதுல பாதி அடுத்தவங்க மூஞ்சி வாடுறதைப் பார்க்கிற சுகம். 291-வது குறள்ல வாய்மைக்கே இலக்கணம் அதுதான், தீமை இல்லாததைச் சொல்றது.

ஆனா நாம பயப்படுற அளவுக்கு உண்மை ஆளைக் கொல்றதும் இல்ல. லெவினும் டயா கோஹனும் 2018-ல வெளியிட்ட ஆய்வுல, சிலரை மூணு நாள் எல்லார்கிட்டயும் முழு நேர்மையா பேசச் சொன்னாங்க. அப்படி இருந்தா உறவு கெட்டுடும், கஷ்டமா இருக்கும்னுதான் பொதுவா எல்லாரும் முன்கூட்டியே கணிக்கிறாங்க. நிஜமா செஞ்சு பார்த்தவங்களுக்கு அந்த அளவு மோசமா இல்ல, நெருக்கம்கூட எதிர்பார்த்ததைவிட அதிகமா இருந்தது. அடுத்தவங்களால தாங்க முடியாதுன்னு நாம போடுற கணக்குல பெரும்பாலும் நம்மளால அந்த அஞ்சு நிமிஷத்தைத் தாங்க முடியாதுங்கிறதுதான் இருக்கு போல.

போன மாசம் அதே ஃப்ரெண்ட் இன்னொரு கதை கொண்டு வந்தான், 22 பக்கம். இந்தத் தடவை பக்கத்தைத் திருப்புறதுக்கு முன்னாடியே கேட்டேன், "எப்படிப் படிக்கணும்? சும்மா படிச்சுட்டு ரசிக்கணுமா, பென்சில் எடுக்கணுமா?" கொஞ்ச நேரம் யோசிச்சான். "பென்சில் எடு. ஆனா கடைசி சீனைப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லாத, அது எங்க அம்மா." சரின்னேன். அதோட பழைய கதையில அந்தப் பேரு மாறினதை அன்னைக்கே பார்த்தேன்னும் சொல்லிட்டேன். "தெரியும்டா, ஒன்பதாவது பக்கத்துல நீ ஒரு செகண்ட் நின்ன"ன்னான்.

கடைசி சீன்ல ஒரு இடத்துல எழுத்துப் பிழை இருந்தது. பென்சிலைக் கீழ வச்சிட்டேன்.